இழுத்துப்போகாத இஞ்ச் டேப்பு

எனக்கு வாய் ஜாஸ்தி. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், நானே சொல்லிவிடுவது மேல். செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பால் பூத்துக்குப் பக்கத்தில், பதினெட்டு வருஷமாக டிசைன் கடை வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், பெரிய தாள் போகும் பிரிண்டர் ஒன்று, லேமினேஷன் மெஷின் ஒன்று, நான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், யோகா வகுப்புக்கு வெள்ளைக்காரர்கள் ஒட்டுகிற நோட்டீஸ் எல்லாம் இந்தக் கையால்தான் வெளியே போகும்.

அதிலும் பிரிண்டர் மக்கர் பண்ணினால் சரிசெய்வதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. திரையில் பளிச்சென்று இருக்கும் படம் தாளில் வராது. தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக விழும். ஓரம் வெட்டுப்பட்டு மாப்பிள்ளையின் அப்பா பெயர் பாதியில் நிற்கும். கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்கிற டிரைவர் என்ற ஒன்று இருக்கிறது, பாதித் தகராறு அதில்தான். அதைத் தூக்கிவிட்டுத் திரும்பப் போடுவேன், எழுத்து சிதறாமல் இருக்க அதையெல்லாம் கோட்டுப் படமாக மாற்றுவேன், வரிசையில் மாட்டிக்கொண்டு நிற்கும் வேலைகளை அழிப்பேன். பக்கத்துக் கடைக்காரர்கள்கூட, "அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று கூப்பிடுவார்கள். போய் சரிசெய்துவிட்டு, "இதுகூடத் தெரியலியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வருவேன். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் எனக்கு வேலை முடிந்த மாதிரியே இருக்காது.

எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு தையல்காரி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வாடகை வீட்டின் முன்அறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். என் தோளுக்குச் சரியாக உட்காரும் ஜாக்கெட்டை அவள்தான் முதன்முதலில் தைத்துக் கொடுத்தாள். அதனாலேயே எங்களுக்குள் சிநேகம் உண்டானது. ஒவ்வொரு அளவுக்கும் காக்கித் தாளில் ஒரு வெட்டு வைத்திருப்பாள். அதைத் துணிமேல் வைத்து, சாக்பீஸால் வரைந்து, வெட்டுவாள். வருஷக்கணக்காகக் குண்டூசி குத்திக் குத்தி அந்தத் தாள்களெல்லாம் சல்லடையாகிவிட்டிருந்தன.

"இத ஏன்டி கட்டிக்கிட்டு அழற? எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன். கிழிஞ்சா வா, புதுசா ஒண்ணு எடுத்துத் தரேன்" என்றேன்.

யோசனை என்னுடையதுதான். அவள் கேட்கவில்லை. ஒரு மாதம் மத்தியான வேளைகளில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கழுத்து வளைவு, கை வளைவு, முன்பக்கப் பிடிப்பு என்று ஒவ்வொன்றாக வரைந்தேன். இருபத்தெட்டிலிருந்து நாற்பத்திநாலு வரை எல்லா அளவும் போட்டு முடித்த அன்று அவள் எனக்கு பாதாம் பால் வாங்கிக் கொடுத்தாள். "என் கடையே இப்ப உங்க கம்ப்யூட்டருக்குள்ள இருக்குதுக்கா" என்று சிரித்தாள். ஒன்றரை வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. தாள் வேண்டும் என்றால் வருவாள், எடுத்துக் கொடுப்பேன், நூல் பிசகாமல் இருக்கும்.

பிறகு ஒருநாள் காலையில் கம்ப்யூட்டர் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. யார் கேட்டார்கள் அதை? திறந்தால் பிரிண்டரைக் காணோம். பழைய டிரைவர் இனிமேல் செல்லாதாம். முகூர்த்த மாதம், மேஜைமேல் ஏழு பத்திரிகை காத்துக்கிடக்கிறது. நெட்டில் தேடி ஒரு டிரைவரைப் போட்டேன், நிறம் சிவப்படித்து வந்தது. இன்னொன்றைப் போட்டேன், ஒரு தாளுக்குப் பதில் நாற்பது வெற்றுத்தாள் தள்ளியது. மூன்றாவதாகப் போட்டது வேலை செய்தது, ஆனால் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டது. இரண்டு நாள் இந்தக் கூத்து. சோறு சாப்பிட்டேனா என்பதுகூட நினைவில்லை.

கடைசியில் டிரைவரின் உள்பக்கம் ஒன்றில், தாளுக்குள் அடங்கும்படி அச்சிடு என்ற பொருளில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் ஒரு டிக் போட்டேன். அவ்வளவுதான், பிள்ளையார் சுழி பார்டரோடு பத்திரிகை முழுசாக வந்து விழுந்தது. "எங்கிட்டயா காட்டற?" என்று பிரிண்டரைத் தட்டிக்கொடுத்தேன். எத்தனை பெரிய ஆள் நான் என்று அன்றைக்கு எனக்கே தோன்றியது.

அடங்கும்படி என்றால் என்ன அர்த்தம்? எல்லாவற்றையும் கொஞ்சம் சுருக்கு என்றுதான் அர்த்தம். அந்த டிரைவர் தன் போக்கில் ஏதோ அமெரிக்கத் தாள் அளவை எடுத்துக்கொண்டிருந்தது. அது நம் தாளைவிட அகலத்தில் குறைச்சல். அதற்குள் அடக்க, நூற்றுக்கு ஆறு பங்கு குறைத்து அச்சிட்டது. டிசைன் சாஃப்ட்வேரில் பார்த்தால் அளவு சரியாக நூறு என்றே காட்டும். குறைப்பது டிரைவர், அது வெளியே தெரியாது. பத்திரிகை ஒரு நூல் சின்னதாக வந்தால் யார் அளந்து பார்க்கப்போகிறார்கள்? நானும் பார்க்கவில்லை.

அந்த வாரமே தையல்காரி வந்தாள், முகமெல்லாம் பூரிப்பு. கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அவள் நாத்தனாரின் மகளுக்குக் கல்யாணம். அவள் வீட்டுக்காரர் பெண்ணுக்குத் தாய்மாமன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தாய்மாமன் வீட்டார் வரிசைத்தட்டு தூக்கிக்கொண்டு வர வேண்டும். அதில் வரும் புடவையைக் கட்டிக்கொண்டுதான் பெண் நலங்குக்கு உட்கார வேண்டும். புடவை எடுத்தாயிற்று, அரக்குக் கலர். ஜாக்கெட்டை யாரிடமும் கொடுக்காமல் தானே தைக்கப்போகிறாள், கையிலும் முதுகிலும் மணி வைத்து ஆரி வேலையோடு.

"எங்க வூட்டுக்காரர் பக்கம் என்னை ஒரு ஆளாவே மதிக்க மாட்டாங்கக்கா. தைக்கறவதானேன்னு ஒரு இளக்காரம். இந்த ஒரு ஜாக்கெட்டப் பாத்து வாயடைச்சுப் போவணும்" என்றாள்.

பெண்ணுக்குப் பெங்களூரில் வேலை. அளவை அங்கேயே யாரையோ விட்டு எடுத்து ஃபோனில் அனுப்பியிருந்தாள், முப்பத்திநாலு. முப்பத்திநாலின் தாள்களை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனவள் அரைமணி நேரத்தில் திரும்பி வந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப்பு, மூக்கில் புதுக் கண்ணாடி. அவளுக்குக் கண்ணாடி போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"அக்கா, இது சின்னதா இருக்கற மாதிரி தெரியுதே. நீளம் பதினஞ்சு வரணும், பதினாலு சொச்சம்தான் காட்டுது."

நான் எட்டாவது பத்திரிகைக்கு நடுவில் இருந்தேன். திரையில் பார்த்தேன், பதினைந்து என்று எழுதியிருந்தது. "இதோ பாரு, பதினஞ்சு" என்றேன்.

"அது சரிக்கா, தாள்ல கம்மியா வருதே. கண்ணுக்கே தெரியுது."

இரண்டு நாளாக டிரைவரோடு மல்லுக்கட்டி ஜெயித்தவள் நான். என் பிரிண்டரிலா குறை? சுள்ளென்று வந்தது. "எத்தினி வருஷமா இந்த டேப்பப் போட்டு இழுத்துக்கிட்டு இருக்க? துணி டேப்பு, இழுத்துப்போயிருக்கும். நீண்டுபோன டேப்பு அளவக் கம்மியாத்தான் காட்டும். இத்தினி வருஷமா தைக்கற, இதுகூடத் தெரியலியா?"

"இல்லக்கா..."

"கம்ப்யூட்டர் எங்கனா தப்பா அளக்குமா? போ, போயி புது டேப்பு வாங்கு. கண்ணாடி பவரையும் ஒருவாட்டி பாத்துக்கோ."

என் மவுஸுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு ஸ்கேல் கிடந்தது. தாள் வெட்டுகிற ஸ்கேல், ஒரு அடி. அதை எடுத்து அந்தத் தாள்மேல் வைத்திருந்தால் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவள், "சரிக்கா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தாள்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆரி ஜாக்கெட்டில் ஒரு சங்கடம் உண்டு. தாளை வைத்துத் துணியில் வரைந்து, அந்தக் கோட்டுக்குள் மணி கோத்து முடித்த பிறகுதான் வெட்டுவார்கள். சாதா ஜாக்கெட் இறுக்கினால் உள்ளே விட்ட துணியைப் பிரித்துத் தளர்த்தலாம். இதில் கையையும் முதுகையும் சுற்றி மணி ஓடும், பிரிக்க முடியாது. ஆரி வேலைக்காக வெளியே கொடுத்த துணி திரும்பி வரவே மூன்று வாரம் ஆனது. பெண் பெங்களூரிலிருந்து வந்தது நலங்கு அன்று காலையில். போட்டுப் பார்க்கவும் நேரமில்லை.

எனக்கும் பத்திரிகை வைத்திருந்தாள். நலங்குக்குப் போயிருந்தேன். மேளம் வாசித்துக்கொண்டு வரிசைத்தட்டு வந்தது, நடுத்தட்டில் அந்த ஜாக்கெட். மணி எல்லாம் லைட்டில் மின்னியது. பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். தையல்காரி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அறைப்பக்கம் ஒரே சலசலப்பு. போய்ப் பார்த்தேன். ஜாக்கெட்டின் கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. தம் பிடித்து ஏற்றினால் முன்பக்கம் கொக்கிக்கும் அது மாட்டும் வளையத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. பெண் அழுதுகொண்டிருந்தது. தையல்காரி கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே பிரிப்பது என்று தெரியாமல் நின்றாள். யாரோ ஒரு கிழவி, "தாய்மாமன் வூட்டு ஜாக்கெட்டு கைக்கே ஏறலயாம், நல்ல சகுனந்தான் போ" என்றாள். அதைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தையல்காரி நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பாள். நானும் சொன்னேன். கூடியிருந்த அத்தனை பேர் எதிரிலும் சொன்னேன்.

"அளவப் பாத்து வெட்டக் கூடாதாம்மா? நான்தான் டேப்ப மாத்தச் சொன்னேன்ல?"

அவள் நாத்தனார் உடனே பிடித்துக்கொண்டாள். "பாத்தியா? தாள் எடுத்துக் குடுத்தவங்களே சொல்றாங்க. கண்ணு தெரியலன்னா கடையில குடுத்துத் தைக்கறது. எம் பொண்ணு நலங்குதான் கெடச்சுதா உனுக்கு?"

பெண் அரக்குப் புடவைக்கு ஒட்டாத ஒரு பச்சை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நலங்குக்கு உட்கார்ந்தது. தாய்மாமன் சபையில் தலையைத் தூக்கவில்லை. நான் சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகும் பத்து நாள், கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். பாவம், அவளுக்குக் கண் போய்விட்டது என்று பரிதாபப்பட்டும் பேசினேன். நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் மெஷினை மூடிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. "இனிமே அடுத்தவங்க துணியத் தொடாத, பட்ட அவமானம் போதும்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலைக்குப் போனாள். வழியில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஒருநாளும் அந்தத் தாளைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளைக்காரி சோப்பு டப்பாவுக்கு ஸ்டிக்கர் கேட்டு வந்தாள். ஏற்கெனவே வட்டம் வட்டமாக வெட்டி வைத்த ஸ்டிக்கர் தாள், அதில் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் படம் விழ வேண்டும். முதல் வரிசை சரியாக விழுந்தது. கீழே போகப் போக விலகி, கடைசி வரிசையில் படம் பாதி வட்டத்துக்கு வெளியே நின்றது. பிரிண்டரை அணைத்துப் போட்டேன், திரும்பவும் அதே. சாஃப்ட்வேரில் தேடினேன். அளவு நூறு, எல்லாம் சரி. அப்புறம் டிரைவரின் உள்பக்கத்தைத் திறந்தேன். நான் போட்ட டிக் அங்கேயே இருந்தது.

முதலில், "ஓ, இதுவா?" என்றுதான் நினைத்தேன். எடுத்துவிடப் போன கை நின்றுவிட்டது. ஸ்டிக்கரை விட்டுவிட்டு முப்பத்திநாலின் தாளைத் திறந்து, டிக் இருக்கும்போதே ஒன்று எடுத்தேன். இரும்பு ஸ்கேலைக் கீழும் மேலும் மாற்றி வைத்து அளந்தேன். பதினைந்து இருக்க வேண்டிய இடத்தில் பதினாலு இஞ்சும் ஒரு நூலும். கை அளவும் கம்மி, சுற்றளவு முப்பத்திரண்டைத் தாண்டவில்லை. அவள் அன்றைக்குச் சொன்ன அதே கணக்கு. அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டாய் என்று வாய்விட்டே சொன்னேன். வெள்ளைக்காரி என்ன என்று கேட்டாள்.

அன்றைக்கே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கடையில் ஆள் இருக்கிறது என்றேன், பௌர்ணமி கிரிவலக் கூட்டம் என்றேன், அவள் வேலைக்குப் போயிருப்பாள் என்றேன். மூன்று வாரம் எனக்கு நானே சாக்குச் சொன்னேன். பிரிண்டரைச் சரிசெய்ய இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்தவளுக்கு, இரண்டு சந்து நடக்க மூன்று வாரம் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மெஷின்மேல் அரிசி மூட்டை இருந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிக் போட்டதைச் சொன்னேன், ஸ்கேல் பக்கத்தில் கிடந்ததையும் சொன்னேன். டிக்கோடு எடுத்த தாளையும் டிக் இல்லாமல் எடுத்த தாளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டினேன். அவள் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு டேப்பு கொண்டுவந்தாள். ஒன்று புதுசு. மற்றது மஞ்சள் போன பழசு. இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். அறுபது இஞ்ச் வரை கோட்டுக்குக் கோடு சரியாக நின்றது.

"வாங்கின அன்னைக்கே இப்படி வச்சுப் பாத்தேன்க்கா. பழசு இழுத்துப்போவல."

"அப்ப ஏன்டி திரும்பி வந்து எங்கிட்ட சொல்லல?"

"டேப்பு சரியா இருக்குது. கம்ப்யூட்டர் தப்பா அளக்காதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. அப்ப மிச்சம் இருக்கறது என் கண்ணுதானே? நான்தான் தப்பாப் படிக்கறேன்னு நெனச்சேன். அதுக்கப்பறம் ஊசியில நூல் கோக்கும்போதுகூட பயமா இருந்துச்சு." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்ப என் கண்ணு சரியாத்தான் இருந்துச்சாக்கா?"

சரியாகத்தான் இருந்தது என்று சொன்னேன். என்னை மன்னித்துவிடு என்றேன். அதை அவள் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை.

"எனுக்கு ஒண்ணும் வேணாம்க்கா. எங்கிட்ட சொன்னத எங்க நாத்தனார்கிட்ட வந்து ஒருவாட்டி சொல்றீங்களா? அவங்க நம்பினா இவரும் நம்புவாரு. நான் திரும்ப மெஷின்ல உக்காந்துடுவேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேரும் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனோம். பையில் இரண்டு தாளும், இரும்பு ஸ்கேலும், பழைய டேப்பும். நாத்தனார் வீட்டு வாசலில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, காயப்போட்டிருந்தார்கள். அந்த அம்மா மரியாதையாகவே உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். நான் ஆதியோடந்தமாகச் சொன்னேன். டிரைவர் என்றால் என்ன, சுருக்குவது எப்படி என்று எளிமையாகச் சொன்னேன். ஸ்கேலை வைத்து அளந்து காட்டினேன். தப்பு என்மேல், இவள்மேல் இல்லை என்று மூன்று தடவை சொன்னேன். என் வாயால் யாருக்காகவும் நான் இப்படிக் கெஞ்சியதில்லை.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"நீங்க நல்லவங்க. அவ பொழப்பு போச்சேன்னு பழிய உங்க தலைமேல போட்டுக்கறீங்க. அன்னைக்கு மண்டபத்துல அத்தினி பேரு எதுர்ல உண்மையச் சொன்னீங்களே, அது எனுக்கு மறக்குமா? கம்ப்யூட்டர் எங்கனா தப்பா அளக்குமா, சொல்லுங்க."

நான் தையல்காரியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பழைய டேப்பை விரலில் சுற்றி முடித்துப் பைக்குள் போட்டாள். காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவி வைக்கப் பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்து, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, "போலாம்க்கா, பஸ்சு வந்துடும்" என்றாள்.